ஊசி போட்ட எட்டாவது நாள்

தட்டம்மை பரவத் தொடங்கியதும் எங்களுக்கு வரும் முதல் வேலை, விட்டுப்போன குழந்தைகளை வீடு வீடாகத் தேடித் தடுப்பூசி போடுவது. பல வருடங்களாகச் செவிலியராக இந்த வேலையைச் செய்கிறேன். ஊசி போடும் நாளை விட, போட்ட எட்டாவது நாளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அடுத்த தெருவில் கதவு திறக்குமா என்பதைப் பெரும்பாலும் அந்த நாள்தான் முடிவு செய்கிறது.

தட்டம்மைத் தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்பைத் தயார் செய்யும்போது சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும், இன்னும் சிலருக்கு லேசான தடிப்பும் வரும். ஊசி போட்ட அன்றைக்கே அல்ல, ஏறக்குறைய 7 முதல் 12 நாட்கள் கழித்து. பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், ஊரெல்லாம் தட்டம்மை பேச்சாக இருக்கும் நேரத்தில் ஒரு தாய் என்ன நினைப்பார்? நல்லா இருந்த பிள்ளைக்கு ஊசியே நோயைக் கொடுத்துவிட்டது என்றுதான். அவர் பொய் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். அன்று மாலைக்குள் அது வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகிவிடும்.

எனக்கே இது நடந்திருக்கிறது. வரிசை நீளமாக இருந்த ஒரு நாளில் அவசர அவசரமாக ஊசி போட்டு அனுப்பினேன். அடுத்த வாரம் அதே தெருவுக்குப் போனபோது ஒரு பாட்டி பேரனைத் தோளில் போட்டபடி வாசலை மறித்து நின்றார். "நீ போட்ட ஊசிதானே? மூணு ராத்திரி தூங்கலை." அவரிடம் வாதாட ஒன்றுமில்லை. "சொல்லியிருக்கணும் அம்மா, சொல்லாமப் போனது என் தப்பு" என்றேன். பிள்ளையைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் விட்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று அந்தத் தெருவில் ஒரு ஊசிகூடப் போடவில்லை. உட்கார்ந்து பேசிவிட்டு மட்டும் வந்தோம்.

அதன் பிறகு, குழந்தையின் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் எட்டாவது நாளின் தேதியைப் பேனாவால் எழுதி, பக்கத்தில் ஒரு போன் நம்பரும் எழுதிக் கொடுக்கிறேன். "இந்தத் தேதி வாக்கில் காய்ச்சல் வரலாம், வந்தால் கூப்பிடுங்கள்." அரை நிமிட வேலைதான். "சிஸ்டர், நீங்க சொன்ன காய்ச்சல் வந்துருச்சு" என்று போன் வரும்போது குரலில் பயம் இருப்பதில்லை. ஆனால் எல்லாக் காய்ச்சலையும் ஊசிக் காய்ச்சல் என்று நாமே ஒதுக்கிவிடக் கூடாது. ஊசி போடும் முன்பே நோய் தொற்றியிருக்கலாம். வலிப்பு, மூச்சுத் திணறல், பால் குடிக்க மறுப்பது இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வரச் சொல்கிறோம்.

நம்பிக்கை உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு சமோவா தீவு நாட்டை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 2018இல் அங்கே ஊசி போட்ட இரண்டு குழந்தைகள் இறந்தன. தடுப்பூசியில் குறை இல்லை. தூள் மருந்தைக் கலக்க வேண்டிய நீருக்குப் பதிலாக, தசையைத் தளர்த்தும் வேறொரு மருந்தைத் தவறுதலாகக் கலந்துவிட்டார்கள். திட்டம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டது, பெற்றோரின் பயம் அப்படியே தங்கியது. 2019இல் தட்டம்மை நுழைந்தபோது சுமார் 2 லட்சம் பேர் வாழும் அந்த நாட்டில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். கடைசியில் ஊசி தேவைப்படும் வீடுகளின் முன் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, வீடு வீடாகப் போய்த்தான் போட வேண்டியிருந்தது.

தட்டம்மைக்கு இவ்வளவு அவசரம் காட்டக் காரணம் உண்டு. தடிப்பு தெரிவதற்கு 4 நாட்கள் முன்பே அது மற்றவர்களுக்குப் பரவத் தொடங்கிவிடும். எதிர்ப்பு இல்லாதவர்கள் 10 பேர் நெருங்கிப் பழகினால் 9 பேருக்குத் தொற்றும். நோயாளி போன பிறகும் அந்த அறையின் காற்றில் வைரஸ் 2 மணி நேரம் வரை இருக்கும். நூற்றுக்கு 95 பேருக்காவது இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் பரவல் நிற்கும். ஆகவே ஒரு தெருவை இழப்பதும் பெரிய இழப்புதான்.

ஒலிபெருக்கி அறிவிப்பு வேண்டும்தான். ஆனால் அதில் இடம், நேரம், எந்த வயதுக் குழந்தைகள் என்பது மட்டும் இருந்தால் போதும் என்பேன். "இந்த வதந்தியை நம்பாதீர்கள்" என்று ஊருக்கே சொன்னால், அதைக் கேட்டிராதவர்களுக்கும் நாமே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். வதந்தி எந்த வீட்டில் இருக்கிறதோ அங்கே போய்ப் பேசுவதுதான் சரி. அதுவும் தாயிடம் மட்டும் பேசிவிட்டு வந்தால் பலிக்காது. வீட்டில் முடிவெடுப்பவர் உள்ளறையில் இருப்பார்.

அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி, "ஏற்கெனவே போட்டாச்சே, மறுபடி எதுக்கு?" கூடுதல் தவணையால் கெடுதல் இல்லை. முதல் தவணையில் எதிர்ப்பு உருவாகாத சில குழந்தைகளையும் அது காப்பாற்றும். பரவல் நேரத்தில் 6 மாதக் குழந்தைக்கே போட்டாலும் அது கணக்கில் சேராது, வழக்கமான இரண்டு தவணைகளையும் உரிய வயதில் போட்டே ஆக வேண்டும். இதைச் சொல்ல மறந்தால், "அப்பவே போட்டாச்சு" என்று அடுத்த வருடம் அந்தக் குழந்தை விட்டுப்போகும்.

பாட்டியின் தெருவில் இன்னும் இரண்டு வீடுகள் பாக்கி. நாளை மாலை போகிறோம். ஊசிப் பெட்டியை எடுத்துப் போகவில்லை. அந்தப் பாட்டியே உடன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.