அம்ப்ளிஃபயர்: விரியலாக்கியா, பெருக்கியா, வலுப்பெருக்கியா?

கொழும்புத் தமிழர் வீடுகளில் ‘அம்ப்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அம்ப்ளிஃபயருக்கு எழுத்துத் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் உலவுகின்றன. உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு அது ‘விரியலாக்கி’. தமிழகத்து ஏடுகளை வாசிப்பவர்களுக்கு அது ‘பெருக்கி’ அல்லது ‘மிகைப்பி’. இரண்டையும் அறியாதவர்கள் ‘ஒலிபெருக்கி’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். விலை உயர்ந்த வீட்டு ஸ்டீரியோ ஒன்றை வாங்க நினைப்பவர் அதில் எதற்காகப் பணம் கொடுக்கிறார் என்பதை இந்தப் பெயர்களில் ஒன்று மற்றவற்றைவிடத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன். ‘அம்ப்ளுஸ்’ என்றால் அகன்றது, விரிந்தது. ‘ஃபக்கெரே’ என்றால் செய்தல். கருவி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த வினைச்சொல் ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு கருத்தை விரித்துப் பேசுவதை அது குறித்தது. தமிழ் இலக்கண நூலார் தொகுத்தல், விரித்தல் என்று பிரித்தார்களே, அந்த விரித்தல்தான். லீ டி ஃபாரஸ்ட் 1906ஆம் ஆண்டில் ‘ஓடியன்’ என்ற வெற்றிடக் குழாயை உருவாக்கியபோதும் அது முதலில் வானொலிச் சைகையை (சிக்னலை) உணரும் உறுப்பாகவே பயன்பட்டது. சில ஆண்டுகள் கழித்து, தொலைபேசிக் கம்பியில் தேய்ந்துபோகும் குரலை வலுவூட்ட அதே குழாய் உதவும் என்று தெரிந்த பின்னரே, பழைய சொல் புதிய கருவியின் பெயராக நிலைத்தது. நியூயோர்க்கையும் சான் பிரான்சிஸ்கோவையும் இணைத்த தொலைபேசித் தடம் 1915இல் திறக்கப்பட்டது இத்தகைய குழாய்களின் துணையால்தான்.

இந்த வரலாற்றோடு ஒப்பிட்டால், நமது பாடநூல்களின் ‘விரியலாக்கி’ மூலச்சொல்லுக்கு மிக நெருங்கிய ஆக்கம்: விரி என்பது வேர், விரியல் அதன் பெயர், ஆக்கி என்பது செய்வது. ‘செயற்பாட்டு விரியலாக்கி’ என்ற தொடரைப் பரீட்சை மண்டபத்தில் எழுதியவர்கள் இங்கே ஏராளம். ஆயினும் பரீட்சை முடிந்த மறுநாளே அச்சொல்லும் மறக்கப்படுகிறது. அதை வீட்டுக் கூடத்தில் வைத்துச் சொன்ன எவரையும் நான் கண்டதில்லை.

‘பெருக்கி’ பேச்சுக்கு இணக்கமானது. பெரு, பெருகு, பெருக்கு, பெருக்கி என்று படிப்படியாக வளர்ந்த சொல். பெருக்கல் கணக்கின் நினைவும் அதில் கூடவே வருகிறது. (தமிழகத்தில் வீட்டையும் பெருக்குவார்கள், நாங்கள் கூட்டுகிறவர்கள் என்பதால் அந்தக் குழப்பம் இங்கே இல்லை.) ‘ஒலிபெருக்கி’ என்பதையோ அம்ப்ளிஃபயருக்குப் பயன்படுத்துவது பிழை என்றே கருதுகிறேன். கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டும் குழாய் முதல் வீட்டு ஸ்பீக்கர் வரை ஒலியை வெளியிடும் உறுப்புக்கு அந்தப் பெயர் உரித்தாகிவிட்டது. ஒலியை வாங்குவது ஒலிவாங்கி, வெளிவிடுவது ஒலிபெருக்கி. இரண்டுக்கும் நடுவே நிற்கும் கருவி ஒலியைத் தொடுவதே இல்லை, அது மின்சைகையை மட்டுமே கையாளுகிறது.

அப்படியானால் அது எதைப் பெருக்குகிறது? ஒரு சீடி இயக்கி அதிகபட்சமாக ஏறத்தாழ 2 வோல்ற்று சைகையைத் தருகிறது. 8 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கரில் 100 வாற்று வெளிப்படுவதற்கு 28 வோல்ற்று தேவை. பதினான்கு மடங்கு, பெருக்கல் அவ்வளவுதான். இதைச் செய்யக்கூடிய சிறிய சிப் ஒன்றைப் புறக்கோட்டையில் சில்லறைக் காசுக்கு வாங்கலாம். ஆனால் அந்த 28 வோல்ற்றோடு 3.5 அம்பியர் மின்னோட்டத்தையும் இடைவிடாமல் தர வேண்டியிருக்கிறது; தடை பாதியான 4 ஓம் ஸ்பீக்கரைக் கோர்த்தால் அது 7 அம்பியராகவும், வலு (பவர்) 200 வாற்றாகவும் உயர வேண்டும். சிறிய சிப்பால் இயலாதது இதுதான். சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்றை இறக்கித் தரும் பெரிய நிலைமாற்றி (டிரான்ஸ்ஃபோமர்), அதைத் தேக்கி வைக்கும் கொள்ளளவிகள் (கப்பாசிற்றர்கள்), ஓட்டத்தைத் தாங்கும் திரான்சிற்றர்கள், அவற்றின் சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடுகள் ஆகிய அனைத்தும் அந்த அம்பியர்களுக்காகவே இருக்கின்றன. பெருக்கம் மலிவானது, வலு விலை உயர்ந்தது. பாடநூற் சொல்லான ‘வலு’வை முன்னே சேர்த்து ‘வலுப்பெருக்கி’ என்று சொல்வதை நான் விரும்புவதற்குக் காரணம் இதுவே. சைகையைத் தேர்ந்து, அளவிட்டு அனுப்பும் முதற் பகுதியை ‘முன்பெருக்கி’ என்றும், இரண்டையும் ஒரே பெட்டியில் அடக்கியதை ‘ஒருங்கிணைந்த பெருக்கி’ என்றும் கூறிவிடலாம்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் கடைக்காரர் இதை இலக்கணம் இல்லாமலே அறிந்து வைத்திருக்கிறார். “தம்பி, ஒருக்காத் தூக்கிப் பாருங்கோ, கனம் இல்லாட்டி சாமான் இல்லை” என்பார். நிலைமாற்றியின் செம்பும் இரும்பும்தான் அந்தக் கனம். ஆகவே ‘ஏபி’ வகுப்பு எனப்படும் பழைய முறைப் பெருக்கிகளைப் பொறுத்தவரை அவருடைய பேச்சில் பெரும்பாலும் உண்மை உண்டு. மின்னோட்டத்தைச் சுவிட்சுபோல அதிவேகமாகத் திறந்து மூடி இயங்கும் ‘டி’ வகுப்புக் கருவிகளுக்கு மட்டும் அது பொருந்தாது. அவற்றின் வினைத்திறன் 90 சதவீதத்தை எட்டுவதாலும், மின்வழங்கலும் கனம் குறைந்த வகையாக இருப்பதாலும், ஒரு கையால் தூக்கக்கூடிய பெட்டி 200 வாற்று தருவதில் ஏமாற்று எதுவும் இல்லை. இதன் எதிர் முனையில் நிற்பது ‘ஏ’ வகுப்பு: இசை ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதும், ஏட்டுக் கணக்கில்கூடப் பாதிக்கு மேல் வினைத்திறன் தராததும் அதன் இயல்பு. குளிர்நாட்டு வீட்டில் அது இதமாக இருக்கலாம். ஏப்ரல் மாத வெள்ளவத்தையில் அதே அறைக்குக் குளிரூட்டியும் தேவைப்படும், அந்தச் செலவும் விலையில் சேர வேண்டும்.

பெட்டியின் மேல் அச்சிட்ட வாற்றைக் கண்டு மயங்கக் கூடாது என்பது பழைய எச்சரிக்கை. ‘பீ.எம்.பீ.ஓ’ என்ற எழுத்துகளுடன் வரும் ஆயிரக்கணக்கான வாற்று, எந்த நியம அளவீட்டுக்கும் கட்டுப்படாத விளம்பர எண். இத்தகைய மிகைக் கணக்குகளைத் தடுக்கவே அமெரிக்க வர்த்தக ஆணையம் 1974இல் விதியொன்றை இயற்றி, தொடர்ச்சியாகத் தரும் வலுவைத் திரிபின் (சைகையின் வடிவம் சிதைவதன்) அளவோடு சேர்த்து அறிவிக்கச் செய்தது. திரிபைப் பொறுத்தவரை, 1927இல் ஹரோல்ட் பிளாக் கண்டறிந்த மறைப் பின்னூட்டலுக்கு (வெளியீட்டின் ஒரு பங்கை எதிர்மாறாக உள்ளீட்டுக்குத் திருப்பிப் பிழையைத் திருத்தும் முறைக்கு) பின்னர் அதைக் குறைப்பது பெருஞ்செலவான காரியமாக இல்லை. நடுத்தர விலைக் கருவியிலேயே காதுக்கு எட்டாத அளவுக்குத் திரிபு அடங்கிவிடுகிறது. ஆதலால் 0.01 சதவீதத்திலிருந்து 0.001 சதவீதத்துக்குப் போவதற்காக இரட்டிப்பு விலை கேட்டால், அந்தப் பணம் செவிக்குப் போய்ச் சேராது.

வலுவிலும் இதே அளவறிவு தேவை. வலுவை இரட்டித்தால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். கேட்பவருக்கு இரட்டிப்பாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வலு வேண்டும். தொடர்மாடி வீட்டின் கூடத்தில், சுவருக்கு அப்பால் அயலவர் இருக்கும் நிலையில், சாதாரணமாக ஒலிக்கும் இசைக்கு ஓரிரு வாற்றே போதும்; மிகுதி, தவில் அடி போன்ற திடீர் எழுச்சிகளுக்கான கையிருப்பு. எனவே 60 வாற்றா 100 வாற்றா என்று கேட்பதைவிட, 8 ஓமில் சொல்லும் வலு 4 ஓமில் இரட்டிப்புக்கு அருகே போகிறதா என்று கேட்பது பயனுள்ளது. போனால் மின்வழங்கலுக்கு உண்மையிலேயே செலவழித்திருக்கிறார்கள். போகாவிட்டால் தடித்த முகப்புத் தகட்டுக்கும் பெயருக்கும் செலவழித்திருக்கிறார்கள். அவற்றை விரும்பி வாங்குவதில் குற்றம் இல்லை, அவை வலுவில் சேராது என்பது தெரிந்தால் சரி.

பாவித்த கருவியாயின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்காமல் விலை பேசவே கூடாது. ஜப்பானில் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டவை 100 வோல்ற்றுக்கு உரியவை. இங்கே நேரடியாகச் செருகினால் புகைதான் வரும், தகுந்த இறக்கு நிலைமாற்றி ஒன்றை வாங்கியாக வேண்டும். கடலோர வீட்டிலிருந்து வந்ததாயின், ஸ்பீக்கர் வயர் முறுக்கும் முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். வெளியே அப்படியென்றால் உள்ளேயும் உப்புக்காற்று போயிருக்கும் என்று எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு. மின்பகு கொள்ளளவிகள் 10 பாகை கூடுதலான சூட்டில் ஏறத்தாழ பாதி ஆயுளையே காண்பவை. இருபது வயது கடந்த பெருக்கியில் அவற்றை மாற்றும் கூலியை, விற்பவர் கேட்கும் விலையிலிருந்து கழித்துவிட்டே பேச்சைத் தொடங்க வேண்டும்.

விற்பவர் எழுதும் விளம்பரத்திலும் இந்தச் சொற்கள் இடம்பெறலாம். ‘ஹை-எண்ட் அம்ப், நல்ல சவுண்ட்’ என்பதை வைத்து எவரும் விலை மதிக்க முடியாது. ‘ஒருங்கிணைந்த பெருக்கி, ஏபி வகுப்பு, 8 ஓமில் 80 வாற்று, 4 ஓமில் 150 வாற்று, 230 வோல்ற்று, கொள்ளளவிகள் மாற்றப்பட்டவை’ என்று எழுதியிருந்தால் தொலைபேசியிலேயே விலை பேசலாம்.