சுகர் ஃப்ரீ பாக்கெட்டுக்குள் மக்காச்சோளம்

சேலத்தில் உணவு ஆலோசகராக இருக்கும் எனக்கு, சர்க்கரை நோயாளிகள் கொண்டுவரும் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பார்ப்பதே பாதி வேலை. “சர்க்கரையே சேர்க்கறதில்லைங்க மேடம்” என்பார்கள். பொய்யில்லைதான். பின்பக்கத்தில் மால்டோடெக்ஸ்ட்ரின், கார்ன் ஸ்டார்ச், லிக்விட் குளுக்கோஸ் என்று இருக்கும். பெரும்பாலும் மூன்றுக்கும் மூலம் மக்காச்சோளம்.

ஆத்தூர், தலைவாசல் பக்கத்து மக்காச்சோளம் நாமக்கல் கோழிகளுக்குத் தீவனமாகப் போவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். மாவு என்றால் நமக்குக் குச்சிக்கிழங்குதான் (மரவள்ளி): அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவைத்தால் சேகோ (ஜவ்வரிசி) மில்லுக்கு மாவு தயார். மக்காச்சோளம் அவ்வளவு சுலபமில்லை. கந்தக டை ஆக்சைடு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஒன்றரை, இரண்டு நாள் ஊறினால்தான் பிரித்தெடுக்க வரும். ஆனால் முளைக்கருவில் எண்ணெய், தோலும் புரதமும் தீவனம், மிச்சம் மாவு என்று எல்லாமே காசு. கிழங்கு பிடுங்கிய சில நாளில் கெட்டுவிடும். காய்ந்த மக்காச்சோளம் மாதக்கணக்கில் கிடங்கில் கிடக்கும். ஆலைக்காரர்கள் விடுவார்களா?

இந்த மாவை, அதாவது ஸ்டார்ச்சை, அமிலத்தோடு காய்ச்சினால் இனிப்பாகும் என்று ரஷ்யாவில் கிர்ச்சாஃப் 1811-லேயே காட்டிவிட்டார். இன்று என்சைம்கள் அதைச் செய்கின்றன. முழுக்க உடைத்தால் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸேதான்), பாதியில் நிறுத்தினால் லிக்விட் குளுக்கோஸ், அதற்கும் முன்னால் நிறுத்தினால் மால்டோடெக்ஸ்ட்ரின். டூத்பேஸ்ட் காயாமல் வைக்கும் சார்பிட்டாலும் இந்த வழியில் வருவதுதான். மாத்திரையைச் சேர்த்துப் பிடிப்பதற்கும் பல நேரம் இதே ஸ்டார்ச்தான்.

என் கவலை மால்டோடெக்ஸ்ட்ரின் மேல். நாக்குக்கு இனிப்பே தெரியாது. 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமுக்கு மேல் இல்லையென்றால் ‘சுகர் ஃப்ரீ’ என்று போட விதி அனுமதிக்கிறது. மால்டோடெக்ஸ்ட்ரின் அந்தக் கணக்கில் சர்க்கரையாகச் சேராது. ரத்தத்திலோ வெள்ளைச் சர்க்கரையைவிட வேகமாக ஏறும்.

அதனால் சர்க்கரை வரியோடு நிற்காமல், மொத்த கார்போஹைட்ரேட் எவ்வளவு என்று பாருங்கள். மூலப்பொருள்கள் எடை வரிசையில்தான் இருக்கும். முதல் நாலைந்து பெயருக்குள் மால்டோடெக்ஸ்ட்ரின் வந்தால் பாக்கெட்டைக் கடையிலேயே வைத்துவிடுங்கள். அந்தப் பட்டியலில் வெறும் எண்ணாக வருபவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்: 330 என்றால் சிட்ரிக் அமிலம், 415 என்றால் கெட்டியாக்கச் சேர்க்கும் சாந்தன் கம். சேர்க்கும் அளவில் இவை சர்க்கரையை ஏற்றாது. வாட்ஸ்அப்பில் மிரட்டும் ஹை ஃப்ரக்டோஸ் கார்ன் சிரப் (மக்காச்சோள இனிப்புப் பாகு) அமெரிக்காக்காரர்கள் பிரச்சினை. இங்கே குளிர்பானங்களில் பெரும்பாலும் கரும்புச் சர்க்கரைதான். (அதற்காகக் குடிக்கச் சொல்லவில்லை!)

ஏற்காடு போனால் மக்காச்சோளக் கருது சாப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒன்று சாப்பிடலாம், அந்த வேளைச் சோற்றைக் குறைத்துக்கொண்டு. நார்ச்சத்து இருக்கிறது, மென்று தின்ன நேரமும் ஆகும். கார்ன் ஃப்ளோர் (அதே கார்ன் ஸ்டார்ச்தான்) போட்டுக் கெட்டியாக்கிய ஓட்டல் சூப்பை மட்டும் ‘வெறும் சூப்புதானே’ என்று கணக்கில் விட்டுவிடாதீர்கள்.