கற்கண்டா, பஞ்சு மிட்டாயா? உமிச்சாம்பல் சிமென்ட் ஆகும் விதம்

வயலில் களை பறித்துவிட்டு வருபவர்களின் முன்கையைப் பார்த்தால் மெல்லிய கோடுகளாகக் கீறல் தெரியும். நெல் இலையின் ஓரம் அறுத்த கீறல் அது. அறுப்பது சிலிக்கா. மண்ணின் ஈரத்தில் கரைந்திருக்கும் சிலிக்காவை வேர் வழியே இழுத்துக்கொள்வதில் நெற்பயிர் கெட்டிக்காரப் பயிர். நீர் ஆவியாகிவிடும்; சிலிக்கா இலையிலும் நெல்லின் மேல்தோலிலும் கண்ணாடிபோல் படிந்து நின்றுவிடும். இந்தப் படிவு அதிகம் சேருவது உமியில்தான். மாடு உமியைச் சீந்தாததற்கு இதுவும் ஒரு காரணம்.

உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். நன்றாக எரிந்த சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை சிலிக்காதான். இது சிமென்ட்டுக்கு எதற்கு?

சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் சுட்டு அரைப்பதுதான் சிமென்ட். ஒரு கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல் சூட்டில் உடையும்போது 440 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். இது எரிபொருளின் புகை அல்ல, கல்லுக்குள்ளேயே இருந்த வாயு. சூளையைச் சூரிய ஒளியில் ஓட்டினாலும் இது வரத்தான் செய்யும். ஆகவே சிமென்ட்டின் அளவையே குறைத்தால்தான் உண்மையான மிச்சம்.

சிமென்ட்டில் தண்ணீர் பட்டதும் முக்கியமாக இரண்டு பொருள்கள் உண்டாகின்றன. ஒன்று, மணலையும் ஜல்லியையும் பிடித்து நிறுத்தும் பசை. கான்கிரீட்டின் பலமே இதுதான். இன்னொன்று நீற்றுச் சுண்ணாம்பு. இது பலத்துக்கு உதவாது, தண்ணீரில் மெல்லக் கரையும். மழைநீர் கசியும் பழைய கான்கிரீட் தளத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்து, சில இடங்களில் குச்சிபோல் தொங்குமே, அது இந்தச் சுண்ணாம்பு வெளியே வந்து காற்று பட்டு இறுகியதுதான்.

உமிச்சாம்பலின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. சாம்பலிலுள்ள சிலிக்கா அந்தச் சுண்ணாம்போடும் நீரோடும் சேர்ந்து மறுபடி அதே பசையாக மாறும். உதவாமல் கிடந்த சுண்ணாம்பு பலமாகிறது. நுண்துளைகள் அடைபடுவதால் உப்புநீர் உள்ளே நுழைவதும் குறைகிறது. உத்தி பழசுதான். ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தார்கள். நம் பக்கம் செங்கல் தூளைக் கலந்தார்கள், அதற்கு சுர்க்கி என்று பெயர். 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தில் நிற்கிறது.

ஒரு சந்தேகம் வர வேண்டும். ஆற்று மணலும் சிலிக்காதானே, அது ஏன் சுண்ணாம்போடு சேர்வதில்லை?

கற்கண்டையும் பஞ்சு மிட்டாயையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சர்க்கரைதான். கற்கண்டை வாயில் போட்டு வெகுநேரம் சப்ப வேண்டும். பஞ்சு மிட்டாய் நாக்கில் பட்டதும் காணாமல் போகும். இழை மெலிசு என்பது ஒரு காரணம். கற்கண்டில் மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கி இறுகியிருக்க, பஞ்சு மிட்டாயில் வரிசை இல்லாமல் கலைந்து கிடப்பது மற்றொன்று. மணல் கற்கண்டு. சரியாகச் சுட்ட உமிச்சாம்பல் பஞ்சு மிட்டாய்.

அந்தச் 'சரியாக' என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. சுமார் 500 முதல் 700 டிகிரிக்குள், போதிய காற்றோடு எரிந்தால் கலைந்த சிலிக்கா கிடைக்கும். 800-ஐத் தாண்டி நெடுநேரம் கிடந்தால் சிலிக்காவின் அணுக்கள் வரிசை கட்டத் தொடங்கிவிடும்; கையில் இருப்பது விலை குறைந்த மணல், அவ்வளவுதான். காற்று போதாவிட்டால் கரி மிஞ்சும். என் பாட்டி பல் துலக்கக் கொடுத்த உமிக்கரி அந்த வகை. பல்லுக்குத் தேவலை, கலவைக்கு ஆகாது. கரி தண்ணீரையும் குடிக்கும், கலவையை இளக்கச் சேர்க்கும் ரசாயனத்தையும் குடிக்கும். ரைஸ் மில் பாய்லரோ நீராவிக்காக எரிவது. சாம்பலின் தரம் அதன் கவலை இல்லை. ஒரே குவியலில் கறுப்பும் சாம்பல் நிறமும் வெளுப்பும் கலந்து கிடப்பதைப் பார்க்கலாம்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பி.கே. மேத்தா 1970-களிலேயே, சூட்டைக் கட்டுப்படுத்தி உமியை எரித்துச் சிமென்ட்டில் சேர்க்கும் முறைகளை ஆராய்ந்தார். இந்தியாவின் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் உமிச்சாம்பலைச் சேர்க்க இடம் தருகிறது. கரும்புச் சக்கைச் சாம்பலிலும் இதேபோல் சுண்ணாம்போடு சேரும் சிலிக்கா உண்டு. அதில் எரியாத நாரைச் சலித்தெடுத்துவிட்டு அரைக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் நெல்லில் சுமார் 200 கிலோ உமி, அதிலிருந்து 40 கிலோ சாம்பல். 50 கிலோ மூட்டையில் 15 சதவீதம் சிமென்ட்டுக்குப் பதில் சாம்பல் என்றால் மூட்டைக்கு ஏழரைக் கிலோ. ஆக ஒரு டன் நெல்லின் சாம்பல் ஐந்து மூட்டைக்கு வரும். இதற்கு மேல் அள்ளிப் போட முடியாது. சாம்பல் துகள் கடற்பஞ்சு மாதிரி துளை மயம். "தண்ணி இழுக்குது சார், கரண்டிக்கு வரமாட்டேங்குது" என்பார் கொத்தனார். தண்ணீரைக் கூட்டினால் பலம் போகும். இளக்கும் ரசாயனத்தைக் கூட்டினால் செலவு ஏறும். எடை குறைந்து இடம் அடைக்கும் சரக்கு என்பதால் லாரி வாடகையும் கட்டுப்படியாகாது. மில்லுக்குப் பக்கத்திலேயே அரைத்து, பக்கத்திலேயே கட்டினால்தான் இது மலிவாக முடியும்.

உங்கள் ஊர் மில்லின் சாம்பல் எந்த ரகம் என்று ஓரளவு தெரிந்துகொள்ளலாம். மூக்கில் துணியும் கையில் உறையும் போட்டுக்கொள்ளுங்கள்; மிகையாக வெந்த சாம்பலின் தூசு நுரையீரலுக்குக் கேடு, சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும். சாம்பலை மாவாக அரைத்து, இரண்டு பங்குக்கு ஒரு பங்கு நீற்றுச் சுண்ணாம்பு சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடியுங்கள். பாலித்தீன் பையில் காற்று புகாமல் கட்டி இரண்டு வாரம் வைத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். மறுநாள் காலை வாளியின் அடியில் சேறு கிடந்தால் அது கற்கண்டு. உருண்டை உருண்டையாகவே கிடந்தால், மில்காரரிடம் பேசிப் பார்க்கலாம்.