ஆன்லைன் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு ஏன் சிதறுகிறது?

2020 ஊரடங்கில் அக்கா மகளுக்கு ஆன்லைன் வகுப்பு. போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். டீச்சர் "ஓரேழ் ஏழு" என்று எடுத்துக்கொடுக்க, பிள்ளைகள் அத்தனை பேரும் மியூட்டை எடுத்துவிட்டுச் சேர்ந்து சொல்ல, மூவேழ் வருவதற்குள் சந்தை இரைச்சல். எல்லோரும் நெட்டைத்தான் திட்டினோம். ஆனால் நெட் நன்றாக இருந்தாலும் இது நடக்கும்.

வகுப்பறையில் டீச்சரின் குரல் 7 மீட்டர் தள்ளியிருக்கும் கடைசி பெஞ்சுக்குப் போய்ச்சேர ஏறக்குறைய 20 மில்லிவினாடிதான் ஆகும். ஆன்லைனில் குரலைப் பெரும்பாலும் அதே 20 மில்லிவினாடி அளவுக்குத் துண்டு போட்டு, வினாடிக்கு 50 பொட்டலங்களாக அனுப்புகிறார்கள். அவை சீராக வந்து சேராது, ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அதனால் நம் போன் சில பொட்டலங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஒலிக்கும். ஒன்று வராமலே போனால் முந்தைய ஒலியை வைத்து ஓர் ஊகத்தில் இடைவெளியை நிரப்பும், டீச்சர் திடீரென்று ரோபோ போலப் பேசியது அதனால்தான். இப்படிப் போகவே 150 மில்லிவினாடி ஆகிறது என்றால், பதில் திரும்பிவர இன்னொரு 150. நேரில் பேசும்போது ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க நாம் விடும் இடைவெளியே சராசரியாக 200 மில்லிவினாடிதான்! ஆக, டீச்சருக்கு அந்தத் தாமதம் பிள்ளைகளுக்குப் பதில் தெரியாதது போலத் தோன்றும், கேள்வியைத் திரும்பக் கேட்பார், அதற்குள் பதில் வந்து மோதும்.

சேர்ந்து சொல்வது இன்னும் மோசம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு தாமதம், மற்றவர் குரல் பிந்திக் கேட்பதால் ஒவ்வொரு பிள்ளையும் கொஞ்சம் நிதானிக்கும், ராகம் இழுபடும். அப்புறம் எதிரொலியை அடக்கும் மென்பொருள் வேறு. ஸ்பீக்கரில் வரும் ஒலி மைக்கில் திரும்ப நுழையாமல் கழிப்பது அதன் வேலை, இருவர் ஒரே நேரத்தில் பேசினால் தடுமாறி உண்மையான குரலையும் சேர்த்து வெட்டிவிடும். போதாததற்கு, பல செயலிகள் உரக்கக் கேட்கும் சில குரல்களை மட்டும்தான் மற்றவர்களுக்கு அனுப்பும். மெதுவாகப் பேசும் பிள்ளை வாயசைப்பதோடு சரி. இந்த மென்பொருளை எழுதியவர்கள் மனதில் இருந்தது ஆபீஸ் மீட்டிங், மூன்றாம் வகுப்பு இல்லை என்பது என் எண்ணம்.

அந்த டீச்சர் இரண்டே வாரத்தில் முறையையே மாற்றிக்கொண்டார். எல்லோருக்கும் மியூட், விடையைச் சிலேட்டில் எழுதிக் கேமராவுக்குக் காட்ட வேண்டும். முப்பது சிலேட்டு ஒரே திரையில், அரை வினாடி முன்பின் வந்தாலும் எழுத்து ஒன்றோடொன்று மோதாது. வாய்ப்பாடு மட்டும் இரவில் வாட்ஸப் வாய்ஸ் மெசேஜாகப் போகும், பின்னணியில் எங்கள் வீட்டுக் குக்கர் விசிலோடு.