மெட்ராஸ் கூரையும் பினாங்கு மழையும்

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுன் நகரத்தில் லெபு ஃபார்குவார் சாலையோரம் நிற்கும் புனித ஜார்ஜ் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முகப்புத் தூண்களைத்தான் படம் பிடிக்கிறார்கள். 1818இல் கட்டி முடித்து, மறு ஆண்டு கல்கத்தா பிஷப் மிடில்டன் அர்ப்பணித்த கோவில் அது. தென்கிழக்காசியாவின் மிகப் பழைய ஆங்கிலிக்கன் தேவாலயம். ஆனால் அந்தக் கட்டடத்தில் நாம் தெரிந்துகொள்ள நிறைய இருப்பது கூரையில்தான். இன்று தெரியும் சரிவுக் கூரை முதலில் அங்கே இல்லை.

சென்னை கதீட்ரல் சாலைப் பக்கம் போனவர்களுக்கு இந்தக் கோவிலின் சாயல் பிடிபடும். அங்கே 1815இல் எழுந்த புனித ஜார்ஜ் பேராலயத்தை வடிவமைத்தவர் மெட்ராஸ் பொறியாளர் ஜேம்ஸ் லில்லிமன் கால்டுவெல். அவருடைய வரைபடத்தைத் தழுவித்தான் கேப்டன் ராபர்ட் ஸ்மித் பினாங்குக் கோவிலைக் கட்டினார். உடலால் உழைத்துக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகள். தூண்களின் அழகைப் பேசும்போது அவர்களையும் சேர்த்துப் பேச வேண்டும்.

வரைபடத்தோடு மெட்ராஸ் பாணித் தட்டைக் கூரையும் கடல் தாண்டி வந்தது. சென்னையில் அதை எப்படிப் போடுவார்கள்? தேக்குச் சட்டங்களைப் பரப்பி, அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்து வைத்து நெருக்கி அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். அப்புறம் தட்டையான ஓடுகளைப் பதிப்பார்கள். பகல் வெயில் இந்தத் தடிமனைக் கடந்து கீழே இறங்கச் சாயங்காலம் ஆகிவிடும். சென்னை வெயிலுக்கு அருமையான ஏற்பாடு.

மழையை இது கையாளும் விதம் வேறு. சுண்ணாம்புக் கலவையில் நுண்ணிய துளைகள் உண்டு. கொஞ்சம் தண்ணீரைக் குடிக்கும், வெயில் வந்ததும் ஆவியாக விட்டுவிடும். ஆக, காய்வதற்கு அவகாசம் கிடைக்கும்வரைதான் இந்தக் கூரை பிழைக்கும். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். பினாங்கில் 2,400 மில்லிமீட்டர் போல, அதுவும் ஆண்டு முழுக்கப் பரவிப் பெய்கிறது. நேற்றைய ஈரம் காயும் முன்பே இன்றைய மழை வந்துவிடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. மதியம் சுட்டுக் கிடக்கும் தளத்தில் திடீரென மழை கொட்டினால் மேற்பரப்பு சட்டென்று சுருங்கும். இப்படியே விரிந்து சுருங்கி மயிரிழை விரிசல்கள் விழும். தட்டைத் தளத்தில் தண்ணீர் மெதுவாகத்தான் வடியும் என்பதால், அது விரிசலுக்குள் இறங்க நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. கீழே இருப்பது மரம். அதன் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இருக்கும்வரை பூஞ்சைக்குப் பெரிதாக வேலையில்லை. அதைத் தாண்டி ஈரம் நீடித்தால் மரம் உளுத்துப்போகும். சுவருக்குள் புதைந்த சட்ட நுனிகளுக்குக் காற்றே படாது. அவைதான் முதலில் போகும்.

இந்தத் தட்பவெப்பத்துக்குத் தட்டைக் கூரை சரிப்படவில்லை. 1864இல் அதை நீக்கிவிட்டு, இருபுறமும் சரியும் கூரையை ஏற்றினார்கள். சரிவில் விழும் நீர் தங்காமல் ஓடிவிடுகிறது. உட்புகச் சில நொடிகூடக் கிடைக்காத தண்ணீரால் பெரிய சேதம் செய்ய முடியாது. முகப்பில் தூண்களுக்கு மேலே ஒரு முக்கோணம் இருக்கிறது. பழைய கிரேக்கக் கோவில்களில் அது சரிவுக் கூரையின் முனைப்பகுதி. மெட்ராஸ் வடிவத்தில் வெறும் அலங்காரமாக நின்ற முக்கோணத்துக்குப் பின்னால், பினாங்கு மழை ஒரு நிஜமான சரிவுக் கூரையைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. எனக்கு இந்தக் கட்டடத்தில் மிகப் பிடித்த விஷயம் இதுதான். கோலாலம்பூரில் மெர்டேக்கா சதுக்கத்தை ஒட்டி 1895இல் எழுந்த புனித மரியாள் தேவாலயத்துக்கு முதலிலிருந்தே சரிவுக் கூரைதான்.

கூரையில் தோற்ற சுண்ணாம்பு சுவரில் ஜெயித்தது. பூசிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லச் சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. சிறு விரிசல் விழுந்தால், மழைநீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுபோய் அங்கேயே படியவைத்து அடைத்துவிடும். தரையிலிருந்து செங்கலின் துளைகள் வழியே ஏறும் ஈரமும் உப்பும் பூச்சின் வழியாக வெளியேற முடியும். செங்குத்தான சுவரில் மழை தேங்காது, காயவும் அவகாசம் உண்டு.

இதே வகைச் சுவர்கள் ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளிலும், லிட்டில் இந்தியா வரிசைகளிலும் உண்டு. அடிச்சுவரில் பூச்சு உரிந்தால் பலர் சிமென்ட் பூசி மூடிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சிமென்ட் வெளியேறும் வழியை அடைப்பதால் ஈரம் இன்னும் மேலே ஏறும்; உள்ளே படிகமாகும் உப்பு செங்கலையே பொடியாக்கும். உரிந்த இடத்தைச் சுரண்டி, காயவிட்டு, மறுபடி சுண்ணாம்பே பூசுவதுதான் சரி.