மீட்டர் ஒலித்ததற்காக ஆர்மேச்சரை வெட்டாதீர்கள்

சென்ற வாரம் அல்சூரிலிருந்து ஒரு பெரியவர் துணிப்பையோடு ஜே.சி. ரோடு அருகிலுள்ள எங்கள் பட்டறைக்கு வந்தார். அவருடைய தந்தை ஓட்டிய அம்பாசடர் காரின் டைனமோ ஆர்மேச்சர், அதாவது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவுக்குள் சுழலும் கம்பி சுற்றிய பாகம், பையில் இருந்தது. கம்பி முழுவதும் வெட்டி எடுக்கப்பட்டு, இரும்பும், செம்புத் துண்டுகளை வட்டமாக அடுக்கிய கம்யூட்டேட்டரும் மட்டுமே மிஞ்சியிருந்தன. "மீட்டர் வச்சுப் பார்த்தாங்க தம்பி, எங்க வச்சாலும் பீப்னு கத்துச்சு, எல்லாம் ஷார்ட்டுன்னு சொல்லிக் கழட்டிட்டாங்க" என்றார். இந்த ஆண்டில் இப்படி வந்து சேரும் மூன்றாவது ஆர்மேச்சர் இது என்பதால்தான் எழுதுகிறேன்.

ஆர்மேச்சரின் கம்பிச் சுற்று, தலையும் வாலும் இல்லாத ஒரே வளையம். ஒரு காயிலின் முடிவும் அடுத்த காயிலின் தொடக்கமும் கம்யூட்டேட்டரின் ஒரே செம்புத் துண்டில் சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அப்படியே சுற்றி வந்து கடைசிக் காயில் முதல் காயிலோடு சேர்ந்துவிடும். ஆகவே எந்த இரண்டு துண்டுகளைத் தொட்டாலும் மீட்டர் ஒலிக்கத்தான் செய்யும். அது ஷார்ட் (காப்புக் கெட்டுக் கம்பிகள் ஒன்றையொன்று தொடுவது) அல்ல, ஆர்மேச்சரின் அமைப்பே அதுதான். 12 வோல்ட் டைனமோவில் ஒரு காயிலின் தடை ஓர் ஓமில் மிகச் சிறிய பகுதி. மீட்டரின் வயர்களுக்கே அதைவிட அதிகத் தடை இருக்கும். நல்ல காயிலுக்கும் ஷார்ட்டான காயிலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சாதாரண மல்டிமீட்டர் எப்படிக் காட்டும்? இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஒரு காயில் அறுந்தே போயிருந்தாலும், மின்னோட்டம் வளையத்தின் மறுபக்கமாகச் சுற்றி வருவதால் மீட்டர் அப்போதும் ஒலிக்கும். அந்த ஒலியை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஷார்ட்டைக் கண்டுபிடிக்கும் கருவி குரோலர் என்ற மின்காந்தம். அதன் பள்ளத்தில் ஆர்மேச்சரை வைத்து மின்சாரம் கொடுத்து, ஆர்மேச்சரில் மேலே இருக்கும் கம்பிப் பள்ளத்தின் நீளவாக்கில் ஹாக்ஸா பிளேடைப் பிடித்தபடி ஆர்மேச்சரைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். ஷார்ட்டான காயில் வந்ததும் பிளேடு இரும்போடு ஒட்டி ஒட்டித் துடிக்கும். அந்த அதிர்வைக் கை தவறவிடாது. காரின் இரண்டு துருவ டைனமோவில் ஒரே ஒரு காயில் கெட்டிருந்தாலும் அதன் இரு பக்கங்களும் கிடக்கும் இரண்டு பள்ளங்களிலும் பிளேடு துடிக்கும். அதைப் பார்த்து இரண்டு காயில் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். (ஆர்மேச்சர் இல்லாமல் குரோலரை ஓடவிடாதீர்கள், அதன் காயில் சூடேறிக் கருகிவிடும்.) பிளேடு துடித்த பிறகும் கத்தரியை எடுக்கும் நேரம் வரவில்லை. செம்புத் துண்டுகளுக்கு இடையே உள்ள மைக்கா (மின்சாரம் கடத்தாத தகடு) பள்ளத்தில் கரித்தூளும் செம்புத்தூளும் அடைந்திருந்தால் அதுவே ஷார்ட்டாகத் தெரியும். பழைய பிளேடுத் துண்டால் ஒவ்வொரு பள்ளத்தையும் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி குரோலரில் வையுங்கள். எத்தனையோ ஆர்மேச்சர்கள் அந்த ஒரு வேலையிலேயே பிழைத்திருக்கின்றன.

அறுந்த காயிலைக் கண்ணே காட்டிக்கொடுக்கும். அந்தக் காயில் சேரும் துண்டுகளின் ஓரம் மட்டும் கருகித் தீய்ந்திருக்கும். பெரும்பாலும் அங்கே பற்றவைப்புதான் விட்டிருக்கும். ரோஸின் பிளக்ஸ் (பற்றவைப்புக்கு உதவும் பிசின்) போட்டு மறுபடி பற்றவைத்தால் போதும். ஆசிட் பிளக்ஸ் போடவே கூடாது, அது கம்பியை உள்ளிருந்து அரித்துவிடும்.

மீட்டரின் ஒலிக்குப் பொருள் உண்டென்றால் அது ஷாஃப்ட்டுக்கும் கம்யூட்டேட்டருக்கும் இடையில்தான். அங்கே ஒலிக்கக் கூடாது. அங்கும்கூட மெக்கர் (காப்பின் தடையை அளக்கும் கருவி) வைத்து ஒரு மெகா ஓமாவது வருகிறதா என்று பார்ப்பதே சரி. பெங்களூரு மழைக்காலம் முழுவதும் ஷெட்டில் கிடந்த டைனமோ ஈரத்தினாலேயே குறைவாகக் காட்டும் என்பதால், மிதமான சூட்டில் நன்றாக உலர்த்தி, ஆறவைத்து, மறுபடி சோதித்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள்.

டைனமோ சார்ஜ் செய்யவில்லை என்பதற்காகவும் ஆர்மேச்சரைக் கழற்றாதீர்கள். பெல்ட்டை எடுத்துவிட்டு, டைனமோவில் டி, எஃப் என்று குறித்திருக்கும் இரண்டு முனைகளிலிருந்தும் பழைய வயர்களைக் கழற்றி, அந்த முனைகள் இரண்டையும் சேர்த்து, பேட்டரியின் எந்த முனை வண்டியின் பாடியோடு (எர்த்) சேர்ந்திருக்கிறது என்று பார்த்து, மற்ற முனையை அங்கே சிறிது நேரம் கொடுங்கள். டைனமோ மோட்டார்போல மெதுவாகவும் சீராகவும் சுற்றினால் ஆர்மேச்சரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் கட்-அவுட்டையும், வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் பாருங்கள்.

கம்யூட்டேட்டரை எமரி பேப்பரால் தேய்க்காதீர்கள், அதன் துகள் செம்பில் பதிந்து, மேலே உரசும் கரிமுனையைத் தின்னும். மெல்லிய உப்புத்தாள் போதும். லேத்தில் கடைந்தால் மைக்காவைச் செம்பின் மட்டத்திலிருந்து சுமார் 0.8 மி.மீ. கீழே இறக்க மறக்காதீர்கள்.

உண்மையிலேயே மறுபடி சுற்ற வேண்டியிருந்தால், வெட்டுவதற்கு முன் எந்தப் பள்ளத்துக் கம்பி எந்தத் துண்டுக்குப் போகிறது, எத்தனை சுற்று, எந்த அளவுக் கம்பி என்பதை எழுதி வையுங்கள். ஒரு துண்டு தள்ளிப் பற்றவைத்தாலும் கரிமுனையில் தீப்பொறி பறக்கும். பெரியவரின் ஆர்மேச்சரில் அந்தக் கணக்கு எதையும் எடுக்காமலேயே வெட்டிவிட்டார்கள். அதே மாதிரி டைனமோ ஒன்றைத் தேடிப் பிடித்து, அதைப் பார்த்துக் கணக்கு எடுத்த பிறகுதான் அவருடையதில் முதல் காயிலைப் போட முடியும்.