உப்புக் காற்றில் நாள்பட உழைக்கும் மெத்தை

தொண்டி முதல் சாயல்குடி வரையிலான கரையோர ஊர்களில் புதிதாக மெத்தை வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் விசாரிப்பது தடிமனையும் தள்ளுபடியையும்தான். நான்கு அங்குலமா, ஆறு அங்குலமா, தலையணை இலவசமா என்ற பேச்சோடு வியாபாரம் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த மெத்தை எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது வேறு மூன்று செய்திகளைப் பொறுத்தது: ஒரு கன மீட்டர் இடத்தில் எத்தனை கிலோ பொருள் இருக்கிறது, அதனூடே காற்று எவ்வளவு தாராளமாகப் போய்வருகிறது, கடற்காற்றின் ஈரமும் உப்பும் அந்தப் பொருளை என்ன செய்யும். மதுரையில் நன்றாக உழைத்த மெத்தை பாம்பனிலும் அதே போல உழைக்கும் என்று சொல்வதற்கில்லை.

ஈரத்திலிருந்து தொடங்கலாம். உறங்கும் ஒரு பெரியவரின் உடல் ஏறத்தாழ 70 வாட் வெப்பத்தை இரவெல்லாம் வெளிவிடுகிறது. மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் சில நூறு மில்லி நீர் ஆவியாகிறது. உடலின் மேற்புறத்தை மின்விசிறி பார்த்துக்கொள்ளும். மெத்தையில் அழுந்திக் கிடக்கும் பக்கத்துக்கு அந்த வசதி இல்லையாதலால், அங்கே பிறக்கும் வெப்பமும் ஆவியும் மெத்தைக்குள் புகுவதைத் தவிர வேறு வழியில்லை. உள்நாட்டில் பகல் காற்று உலர்ந்துவிடுவதால் இரவில் உள்ளே போன ஈரம் மறுநாள் மாலைக்குள் வெளியேறிவிடுகிறது. கரையோரத்தில் பகலிலும் காற்று ஈரமாகவே இருப்பதால் அது முழுதாக வெளியேறுவதில்லை.

உப்பு இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே அதைச் செய்துவிடும். அடுக்களையில் கல்லுப்புச் சாடி நீர்விட்டுக் கிடப்பது இதனால்தான். சன்னல் வழியே வரும் நுண்ணிய உப்புத் துகளும் வியர்வையின் உப்பும் படிந்த மெத்தை உறை, தானே ஈரம் இழுக்கும் துணியாகிவிடுகிறது. ஜிப் வைத்துக் கழற்றித் துவைக்கத்தக்க உறைக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பதில் நட்டமில்லை என்று நான் கருதுவதற்குக் காரணம் இது. ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இன்னொரு காரணமும் உண்டு. ஆஸ்துமாவைத் தூண்டும், தூசியில் வாழும் நுண்ணுண்ணிகள் நீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடலால் ஈர்த்துக்கொண்டே வாழ்கின்றன. ஈரப்பதம் நீண்ட நாள் 50 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அவை வாடிவிடும். அப்படிப்பட்ட வறட்சி நம் கரையில் வாய்ப்பதில்லை.

இன்று கடைகளில் அதிகம் விற்பது ஃபோம் மெத்தை. இது பாலியுரித்தேன் என்னும் பொருளால் ஆனது. 1937-இல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் குழுவினர் கண்டறிந்த வேதிவினையின் வழி வந்தது. பாலியால், ஐசோசயனேட் என்ற இரண்டு திரவங்களோடு சிறிது நீரையும் சேர்த்துக் கலக்கும்போது கரியமில வாயு பிறந்து, கலவை பொங்கி, கோடிக்கணக்கான நுண்ணறைகளாக உறைகிறது. திண்மமான பாலியுரித்தேனின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 1200 கிலோ. கடைக்காரர் ‘நாற்பது டென்சிட்டி’ என்று பெருமையாகச் சொல்லும் ஃபோமில் கன மீட்டருக்கு 40 கிலோதான் பொருள். அதாவது நாம் காசு கொடுத்து வாங்குவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்குக்கு மேல் காற்று. மீதியுள்ள மூன்று சொச்சம் பங்கு எவ்வளவு, எத்தகையது என்பதில்தான் தரமெல்லாம் அடங்கியிருக்கிறது.

ஃபோமின் மேல் படுக்கும்போது முதலில் அந்த நுண்ணறைகளின் சட்டமாக நிற்கும் மெல்லிய ஃபோம் கம்பிகள் வளைகின்றன. எடை கூடும்போது அவை மடிந்து சரிகின்றன. இன்னும் கூடினால் அறைகள் ஒன்றோடொன்று ஒட்டி, அதற்கு மேல் அமுங்காமல் கட்டிலின் பலகையே முதுகில் தட்டுவது போலாகிறது. ஒரே வகைப் பாலியுரித்தேனில் ஃபோமின் விறைப்பு, அடர்த்தியின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். எனவே 32-லிருந்து 40-க்குப் போனால் பொருள் கால் பங்கு கூடுகிறது, விறைப்போ ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. கம்பி தடிப்பதால் ஒவ்வோர் இரவும் மடிந்து நிமிரும் களைப்பையும் அது கூடுதலாகத் தாங்குகிறது. ஆனால் கெட்டித்தன்மையும் அடர்த்தியும் ஒன்றல்ல. வேதிக் கலவையை மாற்றி, அடர்த்தி குறைந்த ஃபோமையும் கையால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும்படி செய்துவிடலாம். கடையில் கெட்டியாகத் தெரிந்த மெத்தை, வாங்கிய சில மாதங்களிலேயே இடுப்புப் படும் இடத்தில் குழி விழுவது பெரும்பாலும் இந்த வகை.

இதைச் சோதிக்க ஒரு தராசு போதும். 72 அங்குல நீளமும் 36 அங்குல அகலமும் 4 அங்குலத் தடிமனும் உள்ள ஃபோமின் கன அளவு 0.17 கன மீட்டர். நாற்பது டென்சிட்டி என்று சொன்னால் உறை நீங்கலாக அது 6.8 கிலோ இருக்க வேண்டும். 32 என்றால் 5.4 கிலோ, 28 என்றால் 4.8 கிலோ. மெத்தையைச் சுருட்டித் தராசில் வைத்துக் காட்டுங்கள் என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. மீனையும் கருவாட்டையும் எடை போட்டு வாங்கும் ஊரில் இதற்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்? கணக்கிலும் ஓர் ஏமாற்றுக்கு இடமுண்டு. எடையைக் கூட்டிக் காட்டச் சிலர் ஃபோமில் சுண்ணாம்புத் தூளைக் கலக்கிறார்கள். அது கனம் தருமே தவிர வலு தராது. உறையின் ஜிப்பைத் திறந்து, ஃபோமின் வெட்டுமுகத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் நல்ல ஃபோம் உடனே மேலெழும். தூள் மிகுந்தது மெல்ல எழும்பும், விரலில் வெண்பொடியும் ஒட்டலாம். பல நிறத் துண்டுகளை ஒட்டிச் செய்த பாண்டட் ஃபோமுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அதன் அடர்த்தி சாதாரண ஃபோமைவிடப் பல மடங்கு. அடியடுக்குக்கு அது நல்லது, மேலே படுப்பதற்கு அன்று.

ஈரம் இந்த இடத்திலும் குறுக்கிடுகிறது. பாலியுரித்தேனின் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளில் நீர் மூலக்கூறுகள் நுழைந்து பிடியைத் தளர்த்திவிடுகின்றன. வெப்பமும் ஈரமும் சேர்ந்த காற்றில் ஒரே ஃபோம் கூடுதலாகத் தளர்ந்து, அமுங்கிய நிலையிலேயே தங்கிவிடும் போக்கு மிகுவது இதனால்தான். உள்நாட்டுக்கு 32 போதுமென்றால் தேவிபட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் 40-க்குக் குறையாமல் கேட்பதே முறை. தடிமனில் ஓர் அங்குலத்தைக் குறைத்துக்கொண்டு அந்தப் பணத்தை அடர்த்தியில் போடலாம்.

மெமரி ஃபோமைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக 1966-இல் சார்லஸ் யோஸ்ட் உருவாக்கிய இந்தப் பொருள், குளிரில் விறைத்தும் வெப்பத்தில் இளகியும் நடந்துகொள்ளும். உடற்சூட்டுக்கு ஏற்ப இளகி உடலின் வடிவைப் பெறுவதே அதன் சிறப்பு. ராமேசுவரத்து இரவில் அறையே சூடாக இருப்பதால், படுப்பதற்கு முன்பே அது பாதி இளகியிருக்கும். உடல் உள்ளே புதைய, சுற்றிலும் காற்று நின்றுவிடும். குளிர்சாதனம் இரவெல்லாம் ஓடாத வீட்டுக்கு இது வீண்செலவு.

ஸ்பிரிங் மெத்தைக்கு உள்ளே பெரும்பகுதி வெற்றிடம் என்பதால் காற்றோட்டத்தில் அதை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் அதன் சுருள்கள் துருவேறும் எஃகு. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி, கடற்காற்றில் உலோகங்கள் அரிபடுவதை ஆராய்வதற்கு மண்டபத்தைத் தேர்ந்தது காரணமில்லாமல் அன்று. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம் அரிப்பினால் 2022 டிசம்பரில் ஓய்வு பெற்றது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருவேறா எஃகும் தனிப் பூச்சும் தேவைப்பட்டன. குளோரைடு அயனிகள் இரும்பின் மேல் படியும் காப்புப் படலத்தை ஓரிடத்தில் துளைத்துவிட்டால், அந்தத் துளையிலிருந்து அரிப்பு உள்நோக்கி ஓடுகிறது. மெத்தைக்குள் இது கண்ணுக்குத் தெரியாது; முதலில் கிறீச்சென்ற ஒலி, பிறகு உறையில் பழுப்புக் கறை, கடைசியில் முறிந்த கம்பி முனை. கடலை ஒட்டிய தெருவில் இருப்பவர்கள், துத்தநாகப் பூச்சுள்ள கம்பி என்று ரசீதில் எழுதித் தருபவரிடம் மட்டும் இதை வாங்கலாம்.

தெருவில் ஒலிபெருக்கி வைத்த வண்டியில் வரும் இலவம் பஞ்சு மெத்தையை நம் வீடுகள் இன்னும் மறக்கவில்லை. போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து வரும் இந்தப் பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே காற்றடைத்த நுண்குழாய். குழாயின் சுவர் மிக மெல்லியது, வெளிப்புறத்தில் மெழுகுப் பூச்சு உண்டு. எனவே அது நீரை ஒட்டவிடாது, மிதக்கும். ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளுக்குள் அடைத்தது இந்தப் பஞ்சைத்தான். ஈரக் காற்றுக்கு இதைவிடப் பொருத்தமான இழை அரிது. குறை, சுவரின் மென்மையில் இருக்கிறது: எடை பட்டுப் பட்டுக் குழாய்கள் நசுங்கிவிடும், பஞ்சு கட்டி தட்டும். வெயிலில் போட்டு அடித்தால் ஓரளவு மீண்டெழும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து, பஞ்சடித்து, புதுப் பஞ்சும் சேர்த்துத் தைக்க வேண்டியிருக்கும். வண்டிக்காரரிடம் வாங்குவதற்கு முன் ஒரு சிட்டிகைப் பஞ்சை ஒரு தம்ளர் நீரில் விரலால் அழுத்தி முழுக்கிவிட்டுக் கையை எடுங்கள். இலவம் பஞ்சு விருட்டென மேலே வந்துவிடும். மில்லின் கழிவுப் பஞ்சு நனைந்து கீழே போகும். வெறுமனே மேலே போட்டுப் பார்த்தால் பதப்படுத்தாத பருத்தியும் சிறிது நேரம் மிதந்து ஏமாற்றும் என்பதால் முழுக்கிப் பார்ப்பது அவசியம்.

தேங்காய் நார் மெத்தை, கடையில் காயர் என்று கேட்டால் கிடைப்பது, இந்தக் கரைக்கு இயல்பாகவே ஒத்துவருகிறது. தேங்காய் நாரில் லிக்னின் என்னும் மரப்பொருள் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் உள்ளது. அதனால் நார் விறைப்பாகவும் எளிதில் மக்காததாகவும் இருக்கிறது. சுருட்டிய நாரின் மேல் ரப்பர்ப் பாலைத் தெளித்து, அழுத்தி, கந்தகத்தோடு சூடேற்றிப் பதப்படுத்தினால் நார்கள் தொடும் இடங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டு இடையில் காற்று ஓட வழி விடுகின்றன. ரப்பர்ப் பாலைச் சிக்கனம் பிடித்துச் செய்த பலகை, ஒட்டு விட்டு உதிரும். ஓரத்தைக் கிள்ளிப் பார்த்தால் பொடியும் நாரும் கையில் வரும். ரப்பர்ப் பாலை மட்டுமே நுரைக்கவைத்துச் செய்யும் லேடெக்ஸ் மெத்தை, 1929-இல் டன்லப் நிறுவனத்தில் பிறந்தது. நன்கு எழும்பும், துளைகளால் காற்றும் போகும், விலைதான் எட்டாத உயரம். ஆகவே காயர் அடியில், அதன் மேல் ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ லேடெக்ஸ் என்ற சேர்க்கை, கொடுக்கும் காசுக்குக் கரையோரத்தில் கிடைக்கக்கூடிய சிறந்த மெத்தை என்பது என் கணிப்பு. லேடெக்ஸுக்குக் கை எட்டாதவர்கள் அந்த இடத்தில் நாற்பது டென்சிட்டி ஃபோமை வைத்துக்கொள்ளலாம்.

முதுகுவலிக்குக் கல் போன்ற மெத்தைதான் மருந்து என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. ‘ஆர்த்தோ’ என்ற சொல் அதை வைத்துத்தான் விலைபோகிறது. நாள்பட்ட இடுப்புவலியுள்ள 313 பேரை வைத்து மாட்ரிட்டில் நடத்தி 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், 90 நாள் கழித்து அதிக நிவாரணம் பெற்றவர்கள் மிகக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்கள் அல்லர், நடுத்தரமான மெத்தையில் படுத்தவர்களே. மிகக் கெட்டியானதில் தோளும் இடுப்பெலும்பும் மட்டும் எடையைத் தாங்க, இடுப்பின் வளைவு அந்தரத்தில் நிற்கிறது. கடையில் மல்லாந்து படுத்துக்கொண்டு அந்த வளைவின் அடியில் கையை நுழைத்துப் பாருங்கள்: கை தாராளமாகப் போனால் மெத்தை மிகக் கெட்டி, நுழையவே மறுத்தால் மிக மென்மை.

எந்த மெத்தையானாலும் அதன் அடியில் காற்று ஓட வேண்டும். பனைநார்க் கட்டிலும் இடைவெளி விட்ட சட்டக் கட்டிலும் இதற்கு ஏற்றவை. வெறும் சிமென்ட் தரையில் விரித்தால், உடலிலிருந்து இறங்கும் ஈரக் காற்று தரையைத் தொட்டதும் குளிர்ந்து நீராகி, மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கிறது. அழுக்குப் படக்கூடாது என்று கடைக்காரர் சுற்றிக் கொடுத்த பாலிதீன் உறையைக் கழற்றாமலேயே படுக்கும் வழக்கம் அதைவிட மோசம். ஆவி போக வழியே இல்லாமல் அது எல்லா மெத்தையையும் ஒரே அளவுக்குக் கெடுத்துவிடும்.

காயவைப்பதில் பொருளுக்குப் பொருள் வேறுபாடு உண்டு. இலவம் பஞ்சு மெத்தையைப் பங்குனி, சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் போட்டுத் தட்டலாம். அந்தச் சூட்டில் நுண்ணுண்ணிகளும் குறையும். ஃபோமையும் லேடெக்ஸையும் நேர்வெயிலில் போடக்கூடாது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் ஃபோமை மஞ்சளாக்கிப் பொடிக்கும், ரப்பரை வெடிக்கவைக்கும். அவற்றைக் காற்று வரும் தாழ்வாரத்தில், நிழலில், சுவரில் சாய்த்து நிமிர்த்தி வைத்தால் போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெயிலை நம்ப முடியாத மழைக்காலத்தில், உறையை மட்டும் கழற்றிவிட்டு மெத்தையை மின்விசிறிக்கு அடியில் ஓரிரு மணி நேரம் திறந்து வைக்கலாம்.